எண்ணெய் கேட்காத தோல்

வெள்ளிக்கிழமை இரவு, பினாங்கு மாநிலத்துச் செபராங் ஜெயா கருமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை முடிந்து கிளம்பும் கார்களின் பின்னிருக்கையில் ஒரு தட்டு இருக்கும். தேங்காய் மூடி, வாழைப்பழம், மடித்த தாளில் விபூதி, குங்குமம், மஞ்சள். தட்டு பிள்ளையின் மடியில், பிள்ளையின் கவனம் கைப்பேசியில். முதல் வளைவில் வண்டி திரும்பியதும் மஞ்சள் இருக்கையில் கொட்டும். இருக்கை கறுப்பாக இருந்தால் தட்டிவிட்டு மறந்துவிடலாம். கிரீம் நிறத் தோல் என்றால் மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு இறங்குவார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போகாது, சிவக்கும்.

அதைப் பார்த்ததும் இருக்கையே வெந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது நமக்குத் தெரியாத ரசாயனம் இல்லை. மணமக்களுக்கு ஆலம் சுற்ற மஞ்சள் நீர் கரைத்து, அதில் துளி சுண்ணாம்பு விடுகிறோம். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். துணி துவைக்கும் சோப்பு நல்ல காரம். ஆலத்தட்டில் வேண்டுமென்றே செய்வதை இருக்கையில் தெரியாமல் செய்திருக்கிறார், அவ்வளவுதான். ஈரத்துணியால் சோப்பை ஒற்றி எடுத்துவிட்டால் சிவப்பு இறங்கிவிடும். மிச்ச மஞ்சளைப் போக்கவும் வழி இருக்கிறது. அதற்கு முன் அது எதில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தோலில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தோலில் இல்லை.

இதைக் காட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். இருக்கையின் பக்கவாட்டில், கண்ணில் படாத இடத்தில், விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். சொட்டு உருண்டு நிற்கும், அல்லது சற்றே தட்டையாகி மேலேயே கிடக்கும். துடைத்தால் அடியில் ஈரத்தடம் இருக்காது. அதே சொட்டைத் தோல் செருப்பின் பூச்சில்லாத அடிப்பக்கத்தில் வையுங்கள். ஓரம் கலைந்து, உள்ளே இறங்கி, கரிய வட்டமாகிவிடும். செருப்பில் தண்ணீர் தொட்டது தோலை. காரில் தொட்டது தோலின்மேல் பூசிய பிளாஸ்டிக்கை.

இன்று 'லெதர் சீட்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். மாட்டுத்தோலைப் பதனிட்டு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவுகிறார்கள். அதன்மேல் நிறமி கலந்த பூச்சு. வெள்ளையோ கிரீமோ சந்தன நிறமோ, எதுவானாலும் அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் இருப்பது இந்தப் பொடிதான். அதில் மஞ்சள் சாயலோ பழுப்புச் சாயலோ வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடைச் சேர்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத பாலியூரித்தேன் படலம் ஒன்று. இத்தனை அடுக்கும் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாது. நாம் உட்காருவது, வியர்ப்பது, மஞ்சள் கொட்டுவது எல்லாம் இந்தப் படலத்தின்மேல்தான். விலையுயர்ந்த சில கார்களில் பூச்சு மிகமிக மெல்லியதாகவோ இல்லாமலோ வரும் அனிலின் வகைத் தோல் உண்டு. அதில் சொட்டு ஊறும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை நம்பாமல் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு ஒரே வேலை, அந்தப் படலத்தைக் காப்பது.

ஆனால் பழக்கம் வேறு சொல்கிறது. கார் கழுவும் கடையில், "அங்கிள், எண்ணெய் போடாட்டி லெதர் காஞ்சி வெடிச்சிடும்" என்று தம்பி ஒருவர் அக்கறையோடு சொல்வார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தேங்காய் எண்ணெயே போதும் என்பார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினால் தமிழ்நாட்டுத் தோல் தொட்டிகளுக்குப் போய்ச் சேருவோம்.

திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோலால் பேர் பெற்ற ஊர்கள் தமிழ்நாட்டில் பல. அங்கே ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலை நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டையிலிருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், தோலின் கொலாஜன் நார்களைப் பிடித்துக்கொண்டு அழுகலைத் தடுக்கும். முடிவில் கடுக்காய் நீர். பிறகு எண்ணெய். இப்படிப் பதனிட்டு மதராசிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய சரக்கு 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் அறியப்பட்டது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தத் தோலுக்குப் பூச்சு கிடையாது. காற்றும் தண்ணீரும் நேராக நாருக்குள் போகும். நாள்பட எண்ணெய்ப் பசை குறையும், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும், மடித்தால் வெடிக்கும். செருப்புக்கும் நீர் இறைக்கும் கமலைத் தோலுக்கும் எண்ணெய் விட்ட நம் தாத்தாக்கள் செய்தது முழுக்கச் சரி.

கதை மாறியது குரோமியத்தால். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் க்னாப் 1858இல் குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாம் என்று எழுதினார். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்கு ஒரு தொழில்முறையைக் காப்புரிமை செய்தார். மதராஸ் மாகாணத்தில் இதைக் கொண்டுவந்து பரப்பியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் இன்றைய குரோம்பேட்டை. ரயிலில் தினமும் அந்த நிறுத்தத்தைக் கடப்பவர்களில் எத்தனை பேர் தோலை நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பச்சைத்தோலை வெந்நீரில் போட்டால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டுவிடும். குரோமியம் கொலாஜன் நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புப் போட்டுவிட்டால் கொதிநீரையும் தாங்கும். தொட்டியில் வேலை முடிந்ததா என்று பார்க்கத் தொழிலாளர்கள் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் தேறியது. அப்போது அது வெளிர் நீலமாக இருக்கும். குரோமியம் சேர்க்காமல் பதனிட்டு வெள்ளையாகவே எடுக்கும் முறையும் இப்போது கார்த் தோலில் புழங்குகிறது.

நாருக்கு வேண்டிய கொழுப்பையும் தொழிற்சாலையிலேயே, நீரில் கலந்த பால்மமாக, உருளைக்குள் சுற்றிச் சுற்றி ஊட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல்தான் பூச்சு. பிறகு நாம் வெளியிலிருந்து தடவும் எண்ணெய் எங்கே போகும்? படலத்தின் மேலேயே நிற்கும். சட்டையில் ஒட்டும், தூசியைப் பிடித்து வைக்கும், தையல் ஓட்டைகளிலும் காற்றோட்டத் துளைகளிலும் இறங்கிப் பழுப்பேறும். பாலியூரித்தேனும் எண்ணெய்க்கு முற்றிலும் அசையாத பொருள் இல்லை. கொழுப்பமிலங்களை மெல்ல உறிஞ்சிக் கொஞ்சம் உப்பி இளகும். இளகிய படலம் சாயத்தையும் அழுக்கையும் இன்னும் சுலபமாக உள்ளே விடும். ஓட்டுநர் இருக்கையின் தலைச்சாய்வு முதலில் பளபளத்து, பிறகு பிசுபிசுத்து, கடைசியில் நிறம் உரிவது இதனால்தான். நம் தலையெண்ணெயும் தோலில் ஊறும் இயற்கை எண்ணெயும் தினமும் அங்கே இந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு மேல் நாமும் பாட்டிலை எடுத்து உதவ வேண்டியதில்லை.

பளபளப்பைப் பற்றி இன்னொரு சொல். புதுக் கார்த் தோல் பொதுவாக மங்கலாக, ஒளி தெறிக்காமல் இருக்கும். ஆறு மாதத்தில் ஓட்டுநர் உட்காரும் இடம் மின்ன ஆரம்பித்தால், பலர் தோல் மெருகேறியது என்று மகிழ்கிறார்கள். அது அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து சமன்செய்த பரப்பு. சுத்தம் செய்து முடித்ததற்கு அடையாளம், மீண்டும் மங்குவது.

இனி ஜீன்ஸ். கிரீம் இருக்கைக்கு மஞ்சளைவிடப் பெரிய எதிரி இதுதான்.

ஜீன்ஸின் நீலம் இண்டிகோ. தமிழ்நாட்டில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச்சாயத்தின் ரசாயன இரட்டை. அடால்ஃப் ஃபான் பேயர் அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகச் செய்து காட்டினார், 1905இல் வேதியியல் நோபல் பெற்றார். பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்கு விட்ட பிறகு இந்தியாவின் அவுரி வயல்கள் சரிந்தன. இண்டிகோவுக்கு ஒரு விசித்திர குணம், அது தண்ணீரில் கரையாது. சாயத்தொட்டியில் அதை ஒடுக்க வினைக்கு உட்படுத்தி, கரையும் வடிவத்துக்கு மாற்றி, நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். பச்சையாக வெளியே வந்த நூல் கண்முன்னே நீலமாகும். திரும்பவும் கரையாத இண்டிகோவாகி, நூலின் மேற்புறத்தில் துகள்களாகப் படிந்துவிடும். பருத்தியோடு அதற்கு ரசாயனப் பிணைப்பு ஏதுமில்லை. நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். தேயத் தேய வெளுத்து அழகாவதுதான் ஜீன்ஸின் கவர்ச்சி. அப்படித் தேய்ந்து போகும் நீலம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்!

செபராங் ஜெயாவிலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறித் தீவுக்கு வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். பாலம் 13.5 கிலோமீட்டர். காலை நெரிசலில் புது ஜீன்ஸ் இருக்கையில் அழுந்தி, ஒவ்வொரு பிரேக்குக்கும் சற்றே உரசுகிறது. மழையில் நனைந்து ஏறியிருந்தால் ஈரத்துணி உலர்துணியைவிட அதிகமாகச் சாயம் விடும். உதிர்ந்த நீலத்துகள் முதலில் படலத்தின் மேலேதான் கிடக்கும். அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்தால் துணி நீலமாகும், இருக்கை வெளுக்கும். விட்டுவிட்டால் பிரச்சினை. இண்டிகோவுக்குத் தண்ணீர் பிடிக்காது, பாலியூரித்தேன் போன்ற பலபடிகள் பிடிக்கும். அந்தப் படலமோ நம் சூட்டில் ரப்பர் நிலையில் இருப்பது. மூலக்கூறுச் சங்கிலிகள் அசைந்துகொண்டே இருக்கும் இடைவெளியில் சாய மூலக்கூறு மெல்ல உள்ளே நகரும். சூடு ஏற ஏற நகர்வு வேகமெடுக்கும். வெயிலில் நிறுத்திய காரில் சில வாரம் கழிந்தால் நீலம் படலத்தின் மேலே இருக்காது, படலத்துக்குள் இருக்கும். அதன்பின் எந்தத் துணியும் எடுக்காது. எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வருவது நீலமில்லை, பூச்சு.

உப்பு நீரில் ஊறவைத்தால், வினிகரில் முக்கினால் ஜீன்ஸ் சாயம் 'கட்டிப்படும்' என்பது பரவலான கைவைத்தியம். துணியோடு பிணைப்பே இல்லாத சாயத்தைப் பிடித்து நிறுத்த உப்புக்கு வழியில்லை. பலன் தருவது துவைப்பது ஒன்றே. புது ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வர மாற்றி, சில தடவை துவைத்து, தண்ணீர் தெளிந்த பிறகு காரில் உட்காருங்கள். தீபாவளிக்கு எடுத்த அடர்நிறப் பருத்திச் சட்டைக்கும் இது பொருந்தும். நவீன ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு உறுதியாகப் பிணைபவை. பிணையாமல் மிஞ்சிய சாயம் முதல் ஓரிரு துவைப்பில் போய்விடும். துவைக்காமல் உடுத்துவது நம் பண்டிகை வழக்கம், இருக்கைக்கு அது தெரியாது. அன்று ஒரு நாள் வெளிர்நிறத் துண்டை விரித்துக்கொள்ளலாம்.

குர்குமினும் இண்டிகோவைப் போலத் தண்ணீரை வெறுத்து எண்ணெயையும் பலபடியையும் நாடுவது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒளியைத் தாங்காது. மஞ்சள் நனைத்த துணி வெயிலில் காய்ந்தால் வெளுத்துவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குர்குமின் விழுங்குவது நீல ஒளியை, அது கார்க் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். ஆகவே, கொட்டிய பொடியைத் தேய்க்காமல் வாக்குவம் போட்டு உறிஞ்சி, மென்சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சக் கறை விழுந்த பக்கம் வெயில் படும்படி இரண்டு மூன்று நாள் காரை நிறுத்துங்கள். மஞ்சள் தானே மங்கும். குங்குமத்துக்கு இந்தச் சலுகை இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் என்றால் மங்கும், கடையில் வரும் செயற்கைச் சாயக் குங்குமம் மங்கும் என்று நம்ப முடியாது. விபூதி சாயமே இல்லை, ஆனால் நுண்ணிய சாம்பல். தேய்த்தால் படலத்தில் கீறல் விழும். உறிஞ்சத்தான் வேண்டும்.

கறைக்கு நல்ல வெயில் இருக்கைக்கு நல்லதா? இல்லை. செபராங் ஜெயா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5.4 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும், மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. மலேசியக் கடிகாரம் நம் தீர்க்கரேகைக்கு முன்னால் ஓடுவதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு இல்லை, 1.15ஐ ஒட்டி. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய் வெட்டவெளியில் நிறுத்தினால் நாளின் கடும் வெயிலை முழுசாக இருக்கைக்குக் கொடுக்கிறோம். சரிந்த முன்கண்ணாடி வழியாக முன்னிருக்கையின் உட்காரும் பகுதியும், பின்கண்ணாடி வழியாகப் பின்னிருக்கையின் மேல்விளிம்பும் அதிகம் வாங்கும். பழைய கார்களில் நிறம் முதலில் மாறுவது அந்த மேல்விளிம்பில்தான்.

எவ்வளவு சூடு? அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பியில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடைநாளில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், இருக்கை 51 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் இருக்கை 41 டிகிரி. அங்கே வெளிக்காற்றே 38ஐத் தொடும், நமக்கு 32, 33. எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள 10 டிகிரி வித்தியாசத்தைக் கவனியுங்கள். சாயம் உள்ளே ஊடுருவுவது, பூச்சு முதுமையடைவது எல்லாம் சூட்டோடு சேர்ந்து ஓடுபவை. வெளிர் நிறம் இங்கே உதவிக்கு வருகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும், கறுப்பு நிறமி விழுங்கிச் சூடாக்கும். தொடையைச் சுடும் கறுப்புச் சீட்டில் மதியம் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புற ஊதாக் கதிரின் கணக்கு தனி. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி, 'ஏ' வகைப் புற ஊதாவில் கணிசமான பங்கை உள்ளே விடும். பாலியூரித்தேனில் இரண்டு குடும்பம் உண்டு. வளைய அமைப்புள்ள அரோமேட்டிக் வகை ஒளியில் மஞ்சளாகும், அலிஃபேட்டிக் வகை ஆகாது. நல்ல கார்த் தோலில் மேற்பூச்சுக்கு இரண்டாவதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலிவில் பூசியதில் அந்த உறுதி இல்லை. கறுப்பில் மஞ்சளிப்பது தெரியாது, வெள்ளையில் தெரியும். கண்ணாடிக்கு 'டின்டட்' ஒட்டுபவர்கள் கருமையைப் பார்த்து வாங்குகிறார்கள். கருமைக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் தொடர்பு கிடையாது, ஏறக்குறைய நிறமே இல்லாத படலமும் புற ஊதாவை நிறுத்தும். 2019 மே மாத விதிப்படி மலேசியாவில் முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை விட வேண்டும், பின்பக்கத்துக்கு வரம்பில்லை. விதிக்குள் இருந்துகொண்டே இருக்கையைக் காக்கலாம்.

நம் ஊரின் இன்னொரு குணம் ஈரம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பூஞ்சணத்துக்கு 70, 75 போதும். 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வாரக்கணக்கில் நீண்டபோது இது நாடு முழுக்க அரங்கேறியது. அந்த மே மாதம் கோத்தா கினபாலுவில் ஒரு பேரங்காடிக் கடையைத் திறந்தபோது தோல் பைகளிலும் காலணிகளிலும் பூஞ்சணம் போர்த்திருந்த படங்கள் பலரைத் திடுக்கிட வைத்தன. வாசலில் அசையாமல் நின்ற கார்களிலும் இருக்கையும் ஸ்டியரிங்கும் பச்சையும் சாம்பலுமாகப் புள்ளி பூத்தன. பூஞ்சணம் பாலியூரித்தேனைத் தின்ன வரவில்லை. வியர்வை உப்போடு கலந்த எண்ணெய், பிள்ளை சிந்திய மைலோ, தே தாரேக் சொட்டு, பிஸ்கட் தூள், இவைதான் அதற்குப் பந்தி. எண்ணெய் தடவிய இருக்கை அதற்கு விருந்தே வைக்கிறது. எப்போதாவது ஓட்டும் காராக இருந்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள். வீடு சேரச் சில நிமிடம் முன்பே குளிரூட்டியை நிறுத்திக் காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் குளிரூட்டிக்குள் இருக்கும் ஈரம் கொஞ்சம் காயும். நனைந்த தரைவிரிப்பை அப்படியே விட்டால் இருக்கையை எவ்வளவு துடைத்தும் பூஞ்சணம் திரும்பும். பூத்த பிறகு காருக்குள் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் வித்துகள் எங்கும் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுவது உத்தமம்.

குஷன் கடைகளைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இருக்கையைப் பற்றிப் பேச முடியாது. துணி இருக்கையோடு மைவி கார் வாங்கி, பிறகு கிரீம் நிறத்தில் உறை தைத்துக்கொள்வது இங்கே சகஜம். அந்த உறைகளில் பல, தோலே இல்லாத 'பியூ லெதர்'. துணியின்மேல் பாலியூரித்தேன். இதில் பாலியெஸ்டர் வகை என்றால் அதன் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரமே மெல்ல அறுக்கும். சில வருடத்தில் பொருக்குப் பொருக்காக உரியும், சோபாக்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கண்டிஷனரும் இதை நிறுத்தாது. பிவிசி உறை இப்படி அறுபடாது, ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் நாளடைவில் வெளியேற விறைக்கும், ஜீன்ஸ் நீலத்தையும் ஆசையாக வாங்கிக்கொள்ளும். ஆகவே தைக்கக் கொடுக்கும்போது நிறத்தைவிட முதலில் கேட்க வேண்டியது, "அண்ணே, இது தோலா, பியூவா, பிவிசியா? பியூன்னா ஈரத்தைத் தாங்குற வகையா?" என்பது. பதில் சொல்லத் தெரியாத கடையில் விலை குறைவாக இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. முதலில் வாக்குவம், மென்மையான பிரஷ் முனையோடு. ஏனென்றால் மடிப்பில் தங்கிய மணல்தான் படலத்தை அறுக்கும் முதல் கத்தி. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் நம் கார்களில் ஓட்டுநர் ஏறி இறங்கும்போது உரசும் வலது விளிம்பில் விரிசல் முதலில் வருவது அதனால்தான். பிறகு தோலுக்கென்று விற்கும் காரமில்லாத கிளீனர், கிடைக்காவிட்டால் குழந்தைக்குப் பயன்படுத்தும் மென்சோப்பு சில சொட்டு. திரவத்தை இருக்கையில் ஊற்றாமல் பஞ்சில் எடுத்து நுரைத்து, அந்த நுரையால் ஒரு சாண் இடத்தைத் துடைத்து, உடனே ஈர மைக்ரோஃபைபர் துணியால் எடுத்து, அடுத்த சாணுக்குப் போகலாம். துளையிட்ட இருக்கையில் நுரைகூடக் கொஞ்சமாகத்தான். துளைக்குள் இறங்கிய தண்ணீர் கீழே ஃபோமில் தங்கிவிடும். முடிந்ததும் கதவைத் திறந்து நிழலில் காய வைத்தால் போதும். வெளிர் இருக்கைக்கென்று நீர்சார்ந்த பாதுகாப்புப் பூச்சு விற்கிறார்கள், அதில் காசு செலவழிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் தடவுவதுபோல் இல்லை அது. சாயம் முதலில் அந்தப் பூச்சில் தங்கும், துடைத்தால் அதோடு வரும்.

சில வீட்டு வைத்தியங்கள் மட்டும் வேண்டாம். வெள்ளையாக, எதையும் அழிக்கும் 'மேஜிக் ஸ்பாஞ்ச்' மெலமின் நுரை. மிருதுவாகத் தெரிந்தாலும் அது நுண்ணிய உப்புத்தாள். கறையோடு மேற்பூச்சையும் சீவும், அடுத்த கறை இரட்டிப்பாக ஏறும். பற்பசையும் அதே வேலைதான். கைச் சுத்திகரிப்பானில் இருக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் பூச்சை இளக்கும். தொற்றுக் காலத்தில் கை நனைந்தபடியே இருக்கையைப் பிடித்து ஏறியதில் கைபட்ட இடம் வெளிறிய கார்கள் நிறைய. சன்ஸ்கிரீன் பூசிய கையும் முழங்காலும் அப்படியே. பூசி உலர்ந்த பிறகு ஏறுங்கள்.

இவ்வளவும் கேட்டபின் கறுப்பே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நான் ஒப்ப மாட்டேன். கறுப்பு இருக்கையிலும் இதே எண்ணெய், இதே மணல், இதே இண்டிகோ படிகிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் துடைப்பதில்லை, ஐந்தாவது வருடம் விளிம்பு வெடித்த பிறகுதான் கவனிக்கிறார்கள். நம் வெயிலுக்குக் கிரீமும் சந்தன நிறமும் உடம்புக்கும் இதம். ஜீன்ஸ் நீலம் உள்ளே இறங்கிவிட்ட பழைய இருக்கையைக்கூட நல்ல குஷன் கடையில் மேலே லேசாகச் சீவி, நிறமி ஏற்றி, புது மேற்பூச்சு அடித்துத் திருப்பித் தருவார்கள். முழுத்தோலையும் மாற்றுவதைவிடச் செலவு குறைவு. அந்த வேலைக்குக் கொடுக்கும்போது மறக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள். முன்பு அந்த இருக்கையில் எண்ணெயோ சிலிக்கோன் பாலிஷோ தடவியிருந்தால் புதுப் பூச்சு ஒட்டாது. அவர்கள் அதை முழுதாகக் கழற்றிவிட்டுத்தான் நிறமி ஏற்ற வேண்டும்.